ரயிலுக்காக ஏறலாம், காருக்காக ஏன் ஏற வேண்டும்?

கொரட்டூர் வட்டாரக் குடியிருப்போர் நலச்சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,



நம் பகுதியில் போக்குவரத்து பற்றி மனு எழுத உட்கார்ந்தால், முதல் பத்து நிமிடத்துக்குள் 'பாலம்' என்ற சொல் வந்துவிடும். ரயில்வேக்கு ஒரு மனு, நெடுஞ்சாலைத் துறைக்கு ஒன்று, மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டல அலுவலகத்துக்கு ஒன்று என்று மூன்று இடத்துக்குப் போனாலும், நடந்து போகிறவர்கள் பெயரில் கேட்பது ஒன்றையேதான்: ஒரு நடைமேம்பாலம் கட்டிக் கொடுங்கள். அந்தக் கோரிக்கையை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். தண்டவாளத்தின் மேல் பாலம் கேளுங்கள். இப்போது கேட்பதைவிட அழுத்திக் கேளுங்கள், எவ்வளவு அகலம், எந்த இடம், லிஃப்ட் உண்டா என்று அளவு சொல்லிக் கேளுங்கள். சாலையின் மேல் மட்டும் பாலம் கேட்காதீர்கள். அங்கே வண்டியை நிறுத்தித் தரச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எளிமையானது. ரயில் நிற்க நினைத்தாலும் நிற்க முடியாது. காரும் லாரியும் நிற்க முடியும். நிற்க முடியாத ஒன்றுக்காக மனிதன் படி ஏறுவதில் நியாயம் இருக்கிறது. நிற்கக்கூடிய ஒன்றுக்காக அவனை ஏறச் சொல்வதில் அந்த நியாயம் கிடையாது.

கொரட்டூரில் இந்த இரண்டும் ஒரே ஆளின் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. தண்டவாளத்துக்கு வடக்கே ஏரியும் அதையொட்டிய குடியிருப்புகளும். தெற்கே சி.டி.எச். ரோடு எனப்படும் சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலை, அதற்கப்பால் 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை, பாடிப் பக்கத்துத் தொழிற்சாலைகள். வடக்கிலிருந்து வேலைக்குப் போகிறவர் முதலில் ரயில் பாதையைத் தாண்ட வேண்டும், பிறகு நெடுஞ்சாலையைத் தாண்ட வேண்டும். இந்த ரயில் பாதையும் சாதாரணப் பாதை அல்ல. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய வழித்தடம் இதுதான். 1979இல் மின்சார ரயில் வந்தது. இன்று நான்கு தடங்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் செய்த வந்தே பாரத் ரயிலே 2022 நவம்பரிலிருந்து மைசூருவுக்கு இந்த வழியாகத்தான் போய் வருகிறது. தடம் பழையது. ஆனால் அதில் ஓடுவதன் வேகமும் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போகின்றன. ஊரும் ஒரு பக்கத்தோடு நிற்காமல் இருபுறமும் வளர்ந்துவிட்டது. ஸ்டேஷன் ஒரு பக்கம், மருந்துக்கடை மறுபக்கம். வீடு ஒரு பக்கம், பள்ளிக்கூடம் மறுபக்கம் என்று வாழ்க்கையே தண்டவாளத்தின் இரண்டு கரையிலும் பரவிக் கிடக்கும்போது, குறுக்கே போகாதே என்று எழுதி வைக்கும் பலகை ஒரு அறிவிப்பாக மட்டுமே நிற்கும்.

குறுக்கே போவதில் என்ன ஆபத்து என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். நான்கு தடங்களையும் நேராகக் கடக்க ஏறத்தாழ 20 மீட்டர் நடக்க வேண்டும். சாலைப் பொறியியலில் ஒரு மனிதன் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பதாக வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் 17 வினாடி. ஜல்லியில் கால் இடறாமல், கையில் பையோ குழந்தையோ இல்லாமல் நடந்தால்தான் இந்த 17. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விரைவு ரயில் அதே 17 வினாடியில் 470 மீட்டர் ஓடிவிடும். அதாவது நீங்கள் முதல் தண்டவாளத்தில் கால் வைக்கும்போது அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு புள்ளியாகத் தெரிகிற ரயில், நீங்கள் கடைசித் தண்டவாளத்தைத் தாண்டும் நேரத்தில் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்திருக்கும். நேராக எதிரே வரும் ஒன்றின் வேகத்தைக் கண்ணால் அளக்க மனிதக் கண்ணுக்குத் திறன் குறைவு. ரயில் பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கும்போது நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டிருக்கும். லோகோ பைலட் அவசரப் பிரேக் போட்டாலும், அந்த வேகத்தில் வரும் நீண்ட ரயில் நிற்பதற்குள் பல நூறு மீட்டர் ஓடிவிடும். அவர் ஹாரன் அடிக்கலாம். அதற்கு மேல் அவர் கையில் எதுவும் இல்லை.

இதைவிடக் கொடியது இரண்டாவது ரயில். நான்கு தடப் பாதையில் சாவு கவனக்குறைவாக நடப்பவரை மட்டும் தேடி வருவதில்லை. கவனமாக நின்று பார்த்தவரையும் தேடி வருகிறது. ஒருவர் ஓரத்தில் நிற்கிறார். ஆவடிப் பக்கம் போகும் மின்சார ரயில் வருகிறது. அதைப் போக விடுகிறார். கடைசிப் பெட்டி தாண்டியதும் காலை எடுத்து வைக்கிறார். அந்தக் கடைசிப் பெட்டிதான் அவர் பார்வையை மறைத்திருந்தது. அதன் இரைச்சல்தான் அடுத்த தடத்தில் சென்ட்ரல் பக்கம் வரும் ரயிலின் ஹாரனை மூடியிருந்தது. அவர் எதிர்பார்த்துக் காத்திருந்த ஆபத்து போய்விட்டது என்ற நிம்மதியே அவரை அடுத்த ஆபத்துக்குள் தள்ளுகிறது. காதில் இயர்போன் மாட்டியவர்களைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இது நமக்குப் புரியவே புரியாது. அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்பு மறுஆய்வுக் குழு 2012இல் கொடுத்த அறிக்கை, தண்டவாளத்தைக் கடக்கும்போது நாடு முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 பேர் இறக்கிறார்கள் என்றும், அதில் 6,000 பேர் மும்பை புறநகர்ப் பாதைகளில் மட்டும் என்றும் கணக்குச் சொன்னது. அத்துமீறி நுழைந்தவர்கள் என்று ஒதுக்கித் தள்ளிவிட முடியாத எண்ணிக்கை இது என்பதை அந்தக் குழுவே ஒப்புக்கொண்டது.

ஆகவே தண்டவாளத்தின் மேல் பாலம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. எப்படிப்பட்ட பாலம் என்பதில்தான் நம் மனுக்கள் மௌனமாக இருக்கின்றன. மின்சாரப் பாதைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. அதனால் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து 6 மீட்டருக்கும் மேல் உயரம் விட்டுத்தான் பாலத்தின் அடிப்பகுதியையே அமைக்க முடியும். அதன் மேல் இரும்பு உத்திரத்தின் பருமன், அதன் மேல் நடக்கும் தளம். மொத்தம் 7 மீட்டர் என்று வையுங்கள். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் தரையிலிருந்து 47 படி ஏறி, 47 படி இறங்க வேண்டும். ஒரு வீட்டின் இரண்டு மாடிக்கு மேல். வாலிபர்களுக்கு இது பெரிய விஷயமல்ல. முழங்கால் வலிக்காரருக்கு? ஒவ்வொரு படியிலும் முதலில் நல்ல காலை வைத்து, வலிக்கிற காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, கைப்பிடிக் குழாயை மார்போடு இழுத்துப் பிடித்து அடுத்த படிக்குப் போகிறவருக்கு, 47 என்பது 94 ஆகிவிடுகிறது. கர்ப்பிணிக்கும், தலைச்சுமையாகக் காய்கறிக் கூடை தூக்குகிறவருக்கும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவருக்கும் இதே கதைதான். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அங்கே பாலமே இல்லை. ஒரு சுவர் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் எழும் முதல் மறுப்பு நமக்குத் தெரிந்ததே: "பாலம் இருந்தாலும் நம்ம ஜனங்க ஏற மாட்டாங்க, ஒழுங்கு இல்ல." இதை நம் சங்கங்களிலேயே நல்ல மனிதர்கள் சொல்கிறார்கள். நான் மாறுபடுகிறேன். 1965இல் பிரிட்டனில் இரண்டு ஆய்வாளர்கள், மூர் என்பவரும் ஓல்டர் என்பவரும், நடப்பவர்கள் பாலத்தையும் சுரங்கப்பாதையையும் எப்போது பயன்படுத்துகிறார்கள் என்று அளந்தார்கள். பாலத்தின் வழியே போக ஆகும் நேரம் நேராகக் கடக்கும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆகிவிட்டால் ஏறக்குறைய யாருமே பாலத்தில் ஏறுவதில்லை என்பது அவர்கள் கண்டது. அது இங்கிலாந்துக்காரர்களைப் பற்றிய முடிவு என்பதைக் கவனியுங்கள். ஒழுங்குக்குப் பேர் போனவர்கள் என்று நாம் நினைப்பவர்களும் ஒன்றரை மடங்குக்கு மேல் பொறுக்கவில்லை. நம் கணக்கு என்ன? நேராகப் போனால் 17 வினாடி. பாலத்தில் ஏற 25, நடக்க 20, இறங்க 20 என்று ஒரு வாலிபருக்கே ஒரு நிமிடத்துக்கு மேல். பாலம் நடைமேடையின் ஒரு கோடியில் இருந்து, அவர் போக வேண்டிய தெரு மறுகோடியில் இருந்தால் இன்னும் மூன்று நான்கு நிமிடம். ஒன்றரை மடங்கு எங்கே, பத்துப் பதினைந்து மடங்கு எங்கே! மனிதக் கால் எல்லா ஊரிலும் ஒரே கணக்கைத்தான் போடுகிறது.

அப்படியானால் பாலமே வீண் என்றுதானே ஆகிறது என்று கேட்கலாம். இல்லை. தண்டவாளத்தில் பாலம் ஒருநாளும் நேரத்தில் ஜெயிக்கப் போவதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு திட்டமிட வேண்டும் என்றுதான் ஆகிறது. ஜெயிக்க முடியாத இடத்தில், குறுக்கு வழியை உறுதியான வேலி போட்டு அடைக்க வேண்டும். அதோடு பாலத்தின் சுமையையும் முடிந்தவரை குறைக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் இரண்டும் தோற்கும். வேலி மட்டும் போட்டால் ஒரு மாதத்தில் கம்பி வளைந்து ஆள் நுழையும் அளவு சந்து உண்டாகும். அந்தச் சந்து, மக்கள் தங்களுக்குப் பாதை வேண்டிய இடத்தை இரும்பில் வரைந்து காட்டும் வரைபடம். ரயில்வேயின் பொறியாளர்கள் அதை அடைப்பதற்கு முன் அதன் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாலத்தின் படிக்கட்டு வந்து இறங்க வேண்டிய இடம் அதற்கு மிக அருகில்தான் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவு, அத்துமீறி நுழைபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்.பி.எஃப்.) அவ்வப்போது பிடித்து அபராதம் போடத்தான் செய்கிறது. பிடிபட்டவர் மறுநாளும் அதே வீட்டிலிருந்து அதே வேலைக்கு அதே நேரத்துக்குப் போக வேண்டும் என்பதைச் சட்டம் மாற்றுவதில்லை.

அகலத்தைப் பற்றி மனுவில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். 2017 செப்டம்பர் 29 காலையில் மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனில் மழைக்கு ஒதுங்கியவர்களும் ரயிலை விட்டு இறங்கியவர்களும் ஒரு குறுகலான நடைமேம்பாலத்தின் படிக்கட்டில் நெரிந்து 23 பேர் இறந்தார்கள். அங்கே இன்னொரு பாலம் வேண்டுமென்ற கோரிக்கை பல காலமாக இருந்தது. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் நடைமேம்பாலத்தைப் 'பயணிகள் வசதி' என்ற பட்டியலிலிருந்து எடுத்துப் 'பாதுகாப்பு' என்ற பட்டியலில் ரயில்வே வைத்தது. ராணுவத்தைக் கூப்பிட்டுச் சில மாதங்களில் அங்கே புதுப் பாலம் கட்டி முடித்தார்கள். 2025 பிப்ரவரி 15 இரவு புது தில்லி ஸ்டேஷனில் 18 பேர் இறந்ததும் படிக்கட்டில்தான். ஒரு பயணியின் தலைச்சுமை சரிந்து விழுந்ததிலிருந்து அந்த நெரிசல் தொடங்கியது என்று ரயில்வே அமைச்சரே நாடாளுமன்றத்தில் பதில் தந்தார். கொரட்டூர் ஸ்டேஷனின் கூட்டம் இந்த இரண்டு ஸ்டேஷன்களின் கூட்டத்துக்கு அருகில்கூட வராது. உண்மைதான். ஆனால் மின்சார ரயில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்களை இறக்கிவிட்டுப் போகிறது. அவர்கள் அத்தனை பேரும் அடுத்த ஒரு நிமிடத்துக்குள் ஒரே படிக்கட்டை நோக்கி வருகிறார்கள். ஏறுகிறவர்கள் எதிரே வருகிறார்கள். நாள் முழுவதும் காலியாகக் கிடக்கும் பாலம் அந்த ஒரு நிமிடத்தில் போதவில்லை என்றால் அது போதாத பாலம்தான். 'வசதி' என்ற சொல்லுக்கும் 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கும் இடையே நிதி ஒதுக்கீட்டில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. நம் மனுவில் இனி வர வேண்டியது இரண்டாவது சொல்.

லிஃப்ட் கேட்டால், "வைப்பாங்க, ஆறு மாசத்துல ரிப்பேர் ஆகும்" என்ற பதில் வரும். அந்தச் சலிப்பு நியாயமானதே. ஆனால் மாற்று என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சாய்தளம் 12க்கு 1 என்ற சரிவில் அமைய வேண்டும். 7 மீட்டர் ஏற 84 மீட்டர் சாய்தளம், இடையிடையே நின்று இளைப்பாறச் சமதளம், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக. ஸ்டேஷனை ஒட்டி அத்தனை இடம் நம்மிடம் இல்லை. ஆகவே லிஃப்ட்தான் வழி. பக்கத்துக்கு ஒன்று போதாது. ஒன்று நின்றால் மற்றொன்று ஓட வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம் கட்டுமான ஒப்பந்தத்தோடு சேர்ந்தே கையெழுத்தாக வேண்டும். சிங்கப்பூரில் ரயில் நிலையங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அருகிலுள்ள பழைய நடைமேம்பாலங்களில் 2010களில் லிஃப்ட் பொருத்தத் தொடங்கினார்கள். ஹாங்காங் 2012இலிருந்து அதையே ஒரு பெரிய திட்டமாக எடுத்துச் செய்கிறது. அவர்களிடம் பணம் இருக்கிறது என்பது உண்மை; நம்மிடம் சட்டம் இருக்கிறது என்பதும் உண்மை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அணுகல் வசதிக்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. அம்ரித் பாரத் ஸ்டேஷன் திட்டத்தின் பட்டியலில் பெரம்பூரும் அம்பத்தூரும் இடம்பெற்றன. இரண்டுக்கும் நடுவிலுள்ள ஸ்டேஷன்களில் ஏறுகிறவர்களின் முழங்காலும் அதே முழங்கால்தான்.

பாலத்துக்குப் பதிலாகச் சுரங்கப்பாதை கேட்கலாமே என்று சிலர் நினைக்கலாம். படிக்கணக்கில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மேலே போக 7 மீட்டர் வேண்டும். கீழே போக, ஒரு மனிதனின் தலைக்கு மேல் கொஞ்சம் இடமும் கூரையின் பருமனும் சேர்ந்து ஏறத்தாழ 4 மீட்டர் போதும். ஏற்றம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. மூர், ஓல்டர் ஆய்விலும் பாலத்தைவிடச் சுரங்கப்பாதைக்கே மக்கள் அதிகம் ஒத்துழைத்தார்கள். இருந்தும் கொரட்டூருக்கு நான் பாலத்தையே சொல்வேன். ஏரியின் மடியில் இருக்கிற ஊர் இது. 2015 மழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் சுரங்கப்பாதைகளை ஒன்றன்பின் ஒன்றாக மூட வேண்டி வந்ததை எல்லோரும் பார்த்தோம். வாயிலை ரோட்டு மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று படி உயர்த்திக் கட்டினால் தெருவில் ஓடும் தண்ணீர் உள்ளே இறங்காது என்பது சரி. அடியிலிருந்து ஊறும் நீருக்கு அந்தப் படி தடையல்ல. மோட்டார் ஓட வேண்டும். ஊரில் கரண்ட் போகும் நாளில்தான் அந்த மோட்டார் ஓடியாக வேண்டும். இரவு பத்து மணிக்குக் கடைசி ஷிஃப்ட் முடிந்து தனியாக வருகிற பெண், இரண்டு வாயிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாய்க்குள் நடப்பதைவிட, தெருவிளக்கும் ஆட்களும் தெரிகிற பாலத்தின் மேல் நடக்கவே விரும்புவார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரயில்வே கேட்டுக்குப் பதிலாக வண்டிகளுக்குக் கட்டும் ரயில்வே மேம்பாலம் நடப்பவர்களுக்கும் உதவும் என்ற எண்ணத்தையும் நாம் விட்டுவிட வேண்டும். வண்டிப் பாலத்தின் சரிவு 30க்கு 1 என்று வைத்தால், தேவையான உயரத்துக்கு ஏறப் பக்கத்துக்கு 200 மீட்டருக்கு மேல் வேண்டும். 20 மீட்டர் அகலமுள்ள தண்டவாளத்தைத் தாண்ட 400 மீட்டருக்கு மேல், பக்கவாட்டில் பஸ் உரசிக்கொண்டு போக, வெயிலில் நடக்கச் சொல்வது தீர்வாகாது. எந்தக் கேட்டையும் மூடுவதற்கு முன், அதே இடத்தில் நடப்பவர்களுக்கான வழி திறக்கப்பட்டிருக்க வேண்டும். முதலில் மூடிவிட்டுப் பிறகு கட்டுவோம் என்ற வாக்குறுதியை ஏற்கக் கூடாது.

இப்போது சாலைக்கு வருகிறேன். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இந்த எண்ணைக் காட்டித்தான் எல்லா ஊரிலும் சாலையின் மேல் நடைமேம்பாலம் கேட்கிறார்கள். ஆனால் பாலம் வந்ததும் சாலையில் என்ன நடக்கிறது? இனி இங்கே யாரும் குறுக்கே வர மாட்டார்கள் என்ற எண்ணம் ஓட்டுநருக்கு வருகிறது, வேகம் கூடுகிறது. நடுவில் தடுப்பு உயர்கிறது. பாலத்தில் ஏற முடியாதவர் அந்தத் தடுப்பைத் தாண்டிக் குதிக்கிறார், முன்பைவிட வேகமாக வரும் வண்டியின் முன்னால். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்பலி வாங்கும் விபத்து நேரும் வாய்ப்பு நான்கு சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நடப்பவருக்காகக் கட்டியதாகச் சொல்லப்படும் பாலம், உண்மையில் அவரைச் சாலையிலிருந்து அப்புறப்படுத்தி வண்டிகளுக்கு வழிவிடக் கட்டியதாக முடிகிறது. ரயிலில் இந்தக் கேள்வியே எழாது. பாலம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் ரயிலின் வேகம் கால அட்டவணைப்படிதான்.

"சி.டி.எச். ரோட்டில் சிக்னல் வைத்தால் ஆவடி வரை வண்டி நிற்கும்" என்பார்கள். நிற்பது வண்டி மட்டும்தானா என்று பாருங்கள். பஸ்ஸில் வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் நாளுக்கு ஒருமுறை இந்தச் சாலையைக் கடந்தே தீர வேண்டும். காலையில் ஏறிய ஸ்டாப்புக்கு எதிர்ப்பக்கத்தில்தான் மாலைப் பஸ் இறக்கிவிடும். பஸ்ஸில் வருகிறவரும் மின்சார ரயிலில் வருகிறவரும் பயணத்தின் இரண்டு முனையிலும் நடப்பவர்களே. அவர்களைச் சாலையைத் தடுக்கிறவர்கள் என்று எண்ணினால், சாலையில் அதிக இடம் எடுக்காமல் பயணம் செய்கிறவர்களையே தண்டிப்பதாக ஆகும். இன்னொன்று, முழுச் சாலையையும் ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டிய அவசியமில்லை. நடுவில் நின்று காத்திருக்க ஆறடி அகலத்தில் ஒரு திட்டு இருந்தால், பாதிச் சாலையை ஒரு முறையும் மறுபாதியை இன்னொரு முறையும் கடக்கலாம். ஒவ்வொரு பாதிக்கும் பதினைந்து வினாடி சிவப்பு விளக்கு போதும். கடக்கும் இடத்தைச் சாலை மட்டத்திலிருந்து சற்று உயர்த்தி மேடாக்கினால், வண்டி தானாக வேகம் குறைக்கும். சக்கர நாற்காலிக்கும் அதுவே சமதளமாகிவிடும். சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையில் நடக்கும் உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்றே சொல்லிவிட்டது. பாடியிலிருந்து திருநின்றவூர் வரை சாலையை அகலப்படுத்துவது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அகலமாகும் ஒவ்வொரு மீட்டரும் கடப்பவருக்கு ஏறத்தாழ ஒரு வினாடி கூடுதல் ஆபத்து என்பதை அந்தத் திட்டத்தின் மேசையில் யாராவது எடுத்து வைக்க வேண்டும். அந்த யாராவது நீங்களாக இருக்க முடியும்.

தியாகராய நகரை எடுத்துக்காட்டி என்னை மடக்கலாம். 2023 மே 16 அன்று திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை, மாம்பலம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் 570 மீட்டர் நீளத்துக்கு இணைக்கிறது. 28.45 கோடி ரூபாய் செலவு. சாலைகளுக்கு மேலேதான் போகிறது. மக்கள் நடக்கிறார்கள். அது சரியாக அமைந்தது என்றே நானும் நினைக்கிறேன். காரணத்தைப் பாருங்கள். ரயிலிலிருந்து இறங்கியவர் ஸ்டேஷன் பாலத்தில் எப்படியும் ஏறியாக வேண்டும். ஏறிய உயரத்தை வீணாக்காமல் அப்படியே நடந்து பஸ் நிலையத்தில் இறங்குகிறார். ஏறுவது ஒருமுறை, இறங்குவது ஒருமுறை. லிஃப்டும் நகரும் படிக்கட்டும் உண்டு. 4.2 மீட்டர் அகலம். கீழே ரங்கநாதன் தெருவின் நெரிசலில் நடப்பதைவிட மேலே நடப்பது எளிது. அதாவது அந்தப் பாலம் நேரத்திலும் ஜெயிக்கிறது, சுகத்திலும் ஜெயிக்கிறது. சாலையின் மேல் பாலமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தரையில் இருப்பவரை ஏற்றி இறக்கும் பாலம் கூடாது, ஏற்கெனவே உயரத்தில் இருப்பவருக்கு அந்த உயரத்திலேயே வழி கொடுக்கும் பாலம் நல்லது.

அதற்கான வாய்ப்பு நம் சாலைக்கே வரப்போகிறது. கோயம்பேட்டிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை 21.76 கிலோமீட்டர் மெட்ரோ பாதைக்கு 19 நிலையங்களுடன் திட்ட அறிக்கை தயாராகி 2025இல் அரசிடம் தரப்பட்டிருக்கிறது. உயர்மட்ட மெட்ரோ நிலையம் ஒவ்வொன்றும் சாலைக்குக் குறுக்கே படுத்திருக்கும் ஒரு கட்டடம். இரண்டு ஓரத்திலும் வாயில், லிஃப்ட், நகரும் படிக்கட்டு எல்லாம் எப்படியும் வரும். டிக்கெட் கதவுக்கு வெளியே உள்ள தளம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடையில்லாமல் திறந்திருந்தால், டிக்கெட் வாங்காதவரும் லிஃப்டில் ஏறி மறுபக்கம் இறங்கிப் போகலாம். நடுவில் ஒரு தடுப்புச் சுவர் போட்டு இரண்டு பக்கத்தையும் பிரித்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். வரைபடத்தில் ஒரு கோடு இடம் மாறுகிற விஷயம் இது. தூண் எழுந்த பிறகு அந்தக் கோட்டை மாற்ற முடியாது. அதிகாலை முதல் வண்டிக்கு முன்பும், இரவு கடைசி வண்டிக்குப் பின்பும் அந்தத் தளம் திறந்திருக்குமா என்பதையும் இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவிட வேண்டும். நிலையங்கள் இல்லாத இடங்களில் சாலை மட்டத்திலேயே சிக்னலோடு கடக்கும் வழி வேண்டும் என்பதையும் அதே மனுவில் சேர்க்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த மனுவுக்கு முன் ஒரு வார நாளின் காலை எட்டு மணிக்கு, சங்கத்திலிருந்து நான்கு பேர் கையில் கடிகாரத்தோடு போங்கள். ஸ்டேஷனில் எத்தனை படி என்று எண்ணுங்கள். ஏறி இறங்கி மறுபக்கத் தெருவை அடைய ஒரு இளைஞருக்கு எத்தனை வினாடி, அறுபது வயதைத் தாண்டியவருக்கு எத்தனை வினாடி என்று தனித்தனியாகக் குறியுங்கள். தண்டவாளத்துக்குள் யாரும் இறங்க வேண்டாம். எங்கே இறங்குகிறார்கள் என்பதை நடைமேடையிலிருந்தே பார்த்து, எந்த மின்கம்பத்துக்கு அருகில் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பத்திலும் எண் எழுதியிருக்கும். பிறகு சி.டி.எச். ரோட்டில் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே நின்று, பச்சைச் சட்டை போட்ட பள்ளிப் பிள்ளையோ சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிய அம்மாவோ முதல் அடி எடுத்து வைக்க எத்தனை வினாடி காத்திருக்கிறார்கள், நடுத் தடுப்பில் எத்தனை வினாடி நிற்கிறார்கள் என்று அளந்துகொள்ளுங்கள். மனுவின் முதல் பத்தியில் அந்த எண்கள் இருக்கட்டும். ரயில்வேக்குப் போகும் பிரதியில் படிகளின் எண்ணிக்கையும் கம்ப எண்களும், நெடுஞ்சாலைத் துறைக்கும் மெட்ரோ நிறுவனத்துக்கும் போகும் பிரதியில் காத்திருந்த வினாடிகளும்.

அன்புடன்,
தண்டவாளத்தையும் ரோட்டையும் உங்களோடு சேர்ந்து கடக்கும் ஒருவர்
கொரட்டூர்